அறுபதைக் கடந்தோருக்குப் பயிற்சிக்கூடத்தின் கதவை மூடாதீர்கள்: பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் எங்கள் குடியிருப்புப் பகுதியின் பூங்காவையும் அதனுள் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தையும் நிர்வகிக்கும் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் ஆகியோரின் கவனத்திற்கு,

பயிற்சிக்கூடத்தின் வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். 60 வயதிற்கு மேற்பட்டோர் எடைக் கருவிகளையும் கம்பிகளையும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்றும், நடைபாதையையும் கல்லிருக்கைகளையும் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும், அவர்களுடைய பாதுகாப்பைக் கருதியே இம்முடிவு எடுக்கப்பட்டது என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களைப் பாதுகாப்பதற்காக எடுத்ததாக நீங்கள் சொல்லும் இதே முடிவு, எங்களில் பலரை இன்னும் சில ஆண்டுகளில் எலும்பு முறிவோடு கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்திவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேரில் வந்து சொன்னேன். குழு கூடும்போது பேசுவதாகச் சொன்னீர்கள். குழு கூடியது, அறிவிப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எனக்கு வயது 68. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதியை எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் கழித்தவள் என்பதால், முதியவர்கள் விழுவதைப் பற்றியும் விழுந்த பிறகு அவர்களுக்கு நேர்வதைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை உங்கள் முன் வைக்கும் கடமை இருப்பதாக உணர்கிறேன்.

அறிவிப்புக்குக் காரணமாக நீங்கள் காட்டுவது, சென்ற மாதம் நம் பகுதிப் பெரியவர் ஒருவர் கூடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட நிகழ்ச்சி. அவர் விழுந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். அவருடைய முன்கையை ஒரு துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவளும் நானே. அப்போது அவர் கையில் எந்த எடையும் இல்லை. பயிற்சியை முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியே இரவெல்லாம் ஒழுகிய மழைநீர், வாசலை ஒட்டிப் பதித்திருக்கும் வழவழப்பான டைல்ஸ் மீது தேங்கி நின்றது. அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். கூரை ஒழுகுவதைப் பற்றிய புகார், வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் பலருடைய கையெழுத்துடன் சென்ற மழைக்காலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். கூரையைப் பழுது பார்க்க வேண்டிய இடத்தில் வயதுக்குத் தடை போட்டிருக்கிறீர்கள்.

அதே ஈரத்தில் இருபது வயது இளைஞர் கால் வைத்திருந்தால் தடுமாறி நிலைகொண்டிருப்பார், பெரியவரால் முடியவில்லை, ஆகவே பெரியவர்கள் வராமல் இருப்பதே நல்லது என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. வழுக்கிய கணத்தில் உடலைப் பிடித்து நிறுத்துவது தொடையிலும் இடுப்பிலும் கெண்டைக்காலிலும் இருக்கும் தசைதான். அந்தத் தசையை எந்த வயதிலும் வளர்க்க முடியும் என்பதும், நம் பகுதியில் அதை வளர்ப்பதற்கு இருக்கும் ஒரே இடம் நீங்கள் மூடிய அந்தக் கூடம்தான் என்பதுமே நான் சொல்ல வந்த செய்தி.

நம் தசைகளில் மெதுவாக இயங்கி நெடுநேரம் தாங்கும் இழைகள் உண்டு; சட்டென்று சுருங்கி அதிக விசையைத் தரும் இழைகளும் உண்டு. வயது ஏறும்போது அதிகமாக மெலிவது இரண்டாவது வகை. ஐம்பதைத் தாண்டியபின் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை தசையின் அளவு குறைகிறது. வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் சார்கோபீனியா என்று பெயரிட்ட இந்தத் தசை இழப்பு, இன்று மருத்துவ உலகம் நோயாகவே வகைப்படுத்தியிருக்கும் ஒன்று. சமதளத்தில் நிதானமாக நடப்பது பெரும்பாலும் முதல் வகை இழைகளுக்கே வேலை கொடுக்கிறது. இதயத்திற்கும் இரத்தச் சர்க்கரைக்கும் மனத்திற்கும் நடை மிக நல்லது. நானும் தினமும் நடக்கிறேன். ஆனால் தடுமாறும் நொடியில் முன்னால் ஓர் அடி எட்டி வைத்து விழாமல் நிற்பதற்கும், தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதற்கும், டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏறுவதற்கும் வேண்டிய வலிமையை அது தருவதில்லை. அந்த வலிமை, தசை வழக்கமாகச் சுமப்பதைவிடச் சற்று அதிகமான பாரத்தைச் சுமந்தால்தான் வரும்.

இதை நான் முதலில் கண்டது என் தாயாரிடம். அவர் சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர். கார்த்திகையிலிருந்து தை வரை பழம் பறிக்கும் காலத்தில், சரிவுகளில் பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்குத் தினமும் ஏறி வருவார். மற்ற மாதங்களில் களையெடுப்பு, நிழல் மரங்களின் கவாத்துக் கழிகளைச் சுமப்பது, விறகு, தண்ணீர் என்று ஏதாவது ஒரு பாரம் அவர் மேல் இருந்துகொண்டே இருக்கும். எழுபதை நெருங்கிய வயதிலும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்பார். தந்தையார் காலமான பிறகு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்தில் என் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உழைத்தது போதும், இனி உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று உறவினர் அனைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். குடத்தைத் தூக்க விடவில்லை, துணி துவைக்க விடவில்லை, கடைக்குப் போக விடவில்லை. அன்பினால் செய்ததுதான் எல்லாம். காலையும் மாலையும் தெருவில் கொஞ்சம் நடப்பார். அதுவே போதுமான உடற்பயிற்சி என்று அனைவரும் நம்பினார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய தொடைகள் பாதியாகிவிட்டன. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் ஊன்றி, உடலை முன்னும் பின்னும் ஆட்டி, மூன்றாவது முயற்சியில்தான் எழுவார். எழுந்த உடனே நடக்க மாட்டார். சுவரில் கை வைத்துச் சிறிது நேரம் நின்ற பிறகே முதல் அடி வரும். மலையிலிருந்து அவரைப் பார்க்க வந்த பழைய தோழிகள், தங்களைவிட இளையவரான அவர் இப்படி ஆனதைக் கண்டு கலங்கிப் போனார்கள். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது; ஆனால் எழுப்பி நிறுத்துவதற்கு அவருடைய கால்களில் எதுவும் மிச்சமில்லை. படுக்கையிலேயே நுரையீரலில் சளி கட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார்.

மலை உழைப்பைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அளவும் ஓய்வும் இல்லாத சுமை எத்தனையோ தோட்டத் தொழிலாளர்களின் முழங்கால்களையும் முதுகையும் அழித்திருக்கிறது. நடுவயதிலேயே கூன் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். அளவறிந்த பாரத்தை ஒழுங்காகக் கொடுப்பது வேறு, வயிற்றுப்பாட்டுக்காகத் தாங்க முடியாத பாரத்தைச் சுமப்பது வேறு. ஆனால் பாரமே இல்லாமல் போவதும் உடலை அழிக்கும் என்பதை என் தாயாரின் கடைசி ஆண்டுகளில் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதுடைய ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை என்றால், முறிவோடு படுப்பவர்களின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வார்டில் பார்த்ததும் இதுதான். அம்மாபேட்டை, குகைப் பகுதிகளின் தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளில் தரையில் அமர்ந்து ஆயுள் முழுக்கப் பற்றவைத்தவர்கள், அலுவலகங்களில் ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வேலை தவிர வேறு எதையும் செய்ய விடப்படாத பெண்கள் என்று எல்லாரும் வந்தார்கள். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில், வாசற்படியில், பேருந்திலிருந்து இறங்கும்போது. பாரம் தூக்கும்போது விழுந்தேன் என்று சொன்ன முதியவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வலியைவிட, இன்னொருவர் கையில் இருக்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கமே அவர்களை அதிகம் வாட்டும்.

முதுமையில் தசை வளருமா என்று நீங்கள் கேட்கலாம். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மரியா ஃபியாடரோனி என்ற மருத்துவர் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் ஓடியாடித் திரிந்தவர்கள் அல்லர்; தளர்ந்துபோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டவர்கள். பயிற்சியின் முடிவில் அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. அதே மருத்துவர் 1994இல், சராசரியாக 87 வயதுடைய நூறு பேரிடம் பத்து வார ஆய்வை நடத்தினார். எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கு மேல் ஆனது. நடை வேகமும் படியேறும் ஆற்றலும் கூடின. 87 வயதில், சக்கர நாற்காலிகள் நிறைந்த ஓர் இல்லத்தில் இது முடிந்ததென்றால், சொந்தக் காலில் நடந்து பூங்காவுக்கு வரும் 61 வயதுக்காரரை எந்தக் கணக்கில் நீங்கள் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

விழுதலைப் பற்றியே உங்கள் கவலை என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 23,000க்கும் மேற்பட்ட முதியோர் பங்கேற்ற 108 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி மொத்தத்தில் விழுதல்களை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. நடைப்பயிற்சி மட்டும் செய்தால் விழுதல் குறையுமா என்பதை உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அந்த ஆய்வு முடித்தது. எங்களுக்கு நீங்கள் விட்டுவைத்திருப்பது அந்த நடை மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று சொல்வதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி வேண்டும் என்றும், மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்றும் கூறுகிறது. உங்கள் அறிவிப்பு இதற்கு நேர் எதிரானது.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்பை அடர்த்தியாக வைத்திருக்கும்படி உடலைத் தூண்டுவது, அதன் மேல் விழும் பாரமும் அதை இழுக்கும் தசையுமே. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரியாக 65 வயதுடைய பெண்களில் ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரத்திற்கு இரு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தியும் தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தியும் கூடின. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்த மற்றப் பிரிவினருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண்காணிப்பு என்ற சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். எவரும் தம் போக்கில் கனத்தைத் தூக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை.

கூடத்தில் நாங்கள் என்ன செய்துவந்தோம் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஏனெனில் குழு உறுப்பினர்களில் எவரும் எங்கள் நேரத்தில் உள்ளே வந்து பார்த்ததில்லை. இளைஞர்கள் கிளம்பிய பிறகு, காலை ஏழு மணியளவில் நாங்கள் கூடுவோம். எங்களுக்கு வழிகாட்டியவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். புதிதாக வருபவர் எவருக்கும் முதல் வாரங்களில் அவர் எடையே கொடுக்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்வது; கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது; சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது; ஒற்றைக் காலில் நிற்பது. அது பழகிய பிறகே ஒரு கிலோ, இரண்டு கிலோ டம்பெல். பத்து முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும்; வலி இருக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், ஒருபோதும் அடக்கக் கூடாது. மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால் எங்களை வாய்விட்டு எண்ணச் சொல்வார். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. தம் வீட்டிலிருந்த பழைய கர்லாக்கட்டை ஒன்றையும் கூடத்துக்குக் கொடுத்தார். தோள் இறுகிப்போனவர்கள் அதை நிதானமாகச் சுற்றுவார்கள். அதையும் சேர்த்துத்தான் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

எங்களோடு ஓர் அக்கா வருவார். கொலுசு வேலையில் கண்ணும் முதுகும் தேய்ந்தவர், எழுபதைக் கடந்தவர். வந்த புதிதில் பெஞ்சிலிருந்து எழுவதற்கு என் தோளைப் பிடிப்பார். தரையில் உட்கார்வதை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கோயிலில் எல்லோரும் தரையில் அமர்ந்திருக்கும்போது தாம் மட்டும் தூணோரம் நிற்க வேண்டியிருப்பதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பெஞ்சுக்குப் பதில் தாழ்வான முக்காலி, பிறகு அதைவிடத் தாழ்வான மணை, பிறகு கையில் ஒரு சிறு எடை என்று மாதக் கணக்கில் பழகி, ஒரு காலை முன்னால் ஊன்றி, முழங்காலில் ஒரு கையை வைத்துத் தரையிலிருந்து தானாக எழுந்தார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார். இப்போது அவர் நடைபாதையில் ஒரு சுற்று நடந்துவிட்டுக் கல்லிருக்கையில் அமர்ந்திருக்கிறார். அந்தக் கல்லிருக்கைகளுக்குக் கைப்பிடி இல்லை என்பதையும், அவற்றிலிருந்து எழ முடியாமல் பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொள்வதையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடக்கும்போதே நெஞ்சு இறுகுகிறவர்கள், சில வாரங்களுக்கு முன் கண்புரை அல்லது குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடக் கூடாது. இவர்களில் பலர் அறுபதுக்குக் கீழும் இருக்கிறார்கள். நாற்பது வயதில் மருந்து சாப்பிட மறந்துவிட்டு நூறு கிலோவைத் தூக்குகிறவரை உங்கள் அறிவிப்பு தடுக்கவில்லை. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு இரண்டு கிலோவைத் தூக்கும் 64 வயதுப் பெண்ணைத் தடுக்கிறது. மூட்டு தேய்ந்தவர்களைப் பற்றியும் கேட்டீர்கள். மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் சுமை குறைந்து வலியும் குறையும் என்பதால், முழங்கால் தேய்மானத்திற்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் ஒன்று தொடைத் தசைக்கான பயிற்சியே.

வயதை அளவுகோலாக வைப்பதற்குப் பதில் ஆற்றலை அளந்து பார்க்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றும் கடிகாரம் ஒன்றும் போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவதே அந்தச் சோதனை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 65 முதல் 69 வயது வரையுள்ள பெண் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால், ஆண் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால், விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும். அப்படிக் குறைவாக எழுகிறவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக அந்த அட்டவணை தயாரிக்கப்படவில்லை. அவர்களுக்கே வலிமைப் பயிற்சி மிக அவசரமாகத் தேவை என்று கண்டுபிடிப்பதற்காகவே தயாரிக்கப்பட்டது.

இது ஒரு பூங்காவின் விவகாரம் மட்டும் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டில் கேரளத்தை அடுத்து முதியோர் அதிகம் இருந்த மாநிலங்களில் நாம் முன்வரிசையில் இருந்தோம். அந்தப் பங்கு ஆண்டுதோறும் உயர்ந்துவருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்துவிட்டவர்களின் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் நடக்கக்கூடியவருக்குப் பாதையும் படுத்துவிட்டவருக்குச் சிகிச்சையும் இருக்கும்போது, நடப்பவர் படுத்துவிடாமல் தடுக்கும் பயிற்சிக்கு மட்டும் நம் ஊர்களில் இடமில்லை. எங்கள் கூடம் அப்படி ஓர் இடமாக, யாரும் திட்டமிடாமலே, தானாக உருவாகியிருந்தது. (உணவைப் பற்றியும் எழுத ஆசைதான். காலையில் இரண்டு இட்லியும் இரவில் ரசம் சோறும் என்று சுருக்கிக்கொண்ட நம் முதியவர்களின் தட்டில் முட்டை, பயறு, கடலை, கொள்ளு ஆகியவை இல்லாமல் தசை வளராது. ஆனால் அது உங்கள் அதிகாரத்திற்கு உட்பட்டது அல்ல.)

இந்த வயதில் அக்கடா என்று இருக்கக் கூடாதா அம்மா, ஏன் இந்தப் பாடு என்று உங்களில் ஒருவர் கனிவோடு கேட்டார். கனிவை மதிக்கிறேன். என் தாயாருக்குக் கிடைத்ததும் இதே கனிவுதான். கழிப்பறைக்குத் தனியாகப் போய் வருவதும், பேரக் குழந்தையைத் தரையிலிருந்து தூக்குவதும், அரிசிப் பையை நகர்த்துவதும், இன்னொருவருக்காகக் காத்திராமல் எழுந்து கதவைத் திறப்பதும் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. எங்கள் மரியாதை அவற்றில்தான் இருக்கிறது. அந்த மரியாதையைக் காத்துக்கொள்வதற்கான உழைப்பை நாங்கள் மகிழ்ச்சியோடு செய்கிறோம்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

60 வயதிற்கு மேற்பட்டோருக்கு விதித்த தடையை உடனே நீக்கி, நீக்கியதை அதே வாசலில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கூரையின் ஒழுகலை அடுத்த மழைக்கு முன் அடைக்க வேண்டும். வாசலிலும் உட்புறத்திலும் வழவழப்பான டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான தளம் போட வேண்டும். படியின் இருபுறமும் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் போதவில்லை என்றால் சொல்லுங்கள், நாங்கள் வசூலித்துத் தருகிறோம்.

காலை ஏழு மணி முதல் எட்டரை மணி வரை கூடத்தை முதியோருக்கென ஒதுக்க வேண்டும். அதில் வாரத்தில் மூன்று நாளாவது பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரம் வேண்டும்; ஆண்கள் இருக்கும்போது உள்ளே வரத் தயங்கி வாசலோடு திரும்பிப் போகும் பெண்கள் நம் தெருக்களில் பலர் இருக்கிறார்கள். இப்போது கூடத்தில் இருக்கும் எடைகளில் பெரும்பாலானவை இளைஞர்களுக்கு ஏற்றவை. அரைக் கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரையிலான டம்பெல்கள், ரப்பர் இழுவைப் பட்டைகள், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிகள் ஆகியவற்றை வாங்கி வைக்க வேண்டும். பூட்டி வைத்திருக்கும் கர்லாக்கட்டையைத் திருப்பித் தர வேண்டும்.

புதிதாகச் சேரும் எவருக்கும், வயது எதுவானாலும், நோய் விவரமும் மருந்து விவரமும் கேட்டு எழுதும் ஒரு படிவத்தையும், மேலே சொன்ன 30 நொடிச் சோதனையையும் நடைமுறைப்படுத்த வேண்டும். ஐயம் உள்ளவர்களிடம் மருத்துவரின் கடிதம் கேளுங்கள். அதை நாங்கள் எதிர்க்க மாட்டோம். மாதம் ஒரு முறையாவது தகுதி பெற்ற இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் வந்து எங்கள் பயிற்சியைப் பார்த்துத் திருத்துவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். படிவங்களைச் சரிபார்ப்பதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் நான் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். உடற்கல்வி ஆசிரியரும் தொடர்ந்து கற்றுத்தர இசைந்திருக்கிறார். கூடத்தில் முதலுதவிப் பெட்டியும், 108க்கு அழைக்க வேண்டிய சூழ்நிலைகளைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகையும் வைக்க வேண்டும்.

நடைபாதையோரக் கல்லிருக்கைகளில் பாதிக்காவது கைப்பிடி பொருத்தி, உயரத்தைக் கூட்ட வேண்டும்.

முதியோரைப் பற்றிய முடிவுகளை முதியோர் இல்லாத குழு எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். நிர்வாகக் குழுவில் 60 வயதைக் கடந்த இருவரை, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி, அடுத்த கூட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மடலுக்கான பதிலை முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். தடையைத் தொடர்வதென்று முடிவு செய்தால், எந்த மருத்துவரின் ஆலோசனையின் பேரில் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் அப்பதிலில் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
பயிற்சிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த, ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்
சேலம்